மைல் கணக்கு: சீட்டு சொல்வது என்ன? சாலை சொல்வது என்ன?

சீறிப் பாயும் கார்களும் சிக்கனப் பரிசோதனையும்

அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு புதுக் காரின் ஜன்னல் கண்ணாடியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஒரு காலன் பெட்ரோலுக்கு அந்தக் கார் எத்தனை மைல் ஓடும் என்று அதில் அச்சிட்டிருக்கும். நகரத்துக்கு ஓர் எண். நெடுஞ்சாலைக்கு ஓர் எண்.

இது வியாபாரி தன் இஷ்டத்துக்கு ஒட்டிய விளம்பரம் அல்ல. சட்டப்படி ஒட்ட வேண்டிய சீட்டு. கார் விற்பனையாகும் வரை அதை எடுக்கக் கூடாது.

குடும்பத்துக்குக் கார் வாங்குகிறவர் அந்த எண்ணைக் கவனமாகப் படிப்பார். மாதச் சம்பளத்தில் பெட்ரோலுக்கு எவ்வளவு போகும் என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார். ஆனால், வேகத்துக்கென்றே செய்யப்பட்ட கார் ஒன்றை வாங்குகிறவருக்கு அந்த எண் எதற்கு? சீறிப் பாயும் காருக்குச் சிக்கனம் என்ன வேண்டிக் கிடக்கிறது?

அங்கேதான் வேடிக்கை இருக்கிறது. அந்தச் சின்ன எண்ணுக்காக வேகக் கார் செய்யும் கம்பெனிகள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல.

ஓர் உதாரணம் பார்க்கலாம். 2006-ம் ஆண்டில் "கார்வெட் இசட்-06" என்ற அமெரிக்கக் கார் வெளிவந்தது. அதன் எஞ்சின் 7 லிட்டர் அளவுள்ளது. சக்தி 505 குதிரைகளின் சக்தி! அதன் சீட்டில் இருந்த எண்கள்: நகரத்தில் காலனுக்கு 16 மைல், நெடுஞ்சாலையில் 26 மைல். அதாவது லிட்டருக்கு நகரத்தில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 11 கிலோமீட்டர்.

505 குதிரைகளைக் கட்டிய வண்டி லிட்டருக்கு 11 கிலோமீட்டரா? நம்ப முடிகிறதா?

நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டினால் நம்பலாம். அதே காரைப் பந்தயப் பாதையில் விரட்டினால் அதில் பாதிகூடக் கிடைக்காது. ஒரே கார்; ஒரே பெட்ரோல். எப்படி இந்த வித்தியாசம்? அந்தச் சீட்டை எந்த அளவுக்கு நம்பலாம்? இதைத் தெரிந்துகொள்ள அந்த எண் பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பங்கில் நின்ற வரிசை

1973-ம் ஆண்டு அக்டோபர் மாதம் மத்திய கிழக்கில் யுத்தம் மூண்டது. இஸ்ரேலுக்கு அமெரிக்கா உதவியது. அதனால் கோபமடைந்த அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. சுமார் 3 டாலருக்கு விற்ற ஒரு பீப்பாய் எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது.

அமெரிக்கா திகைத்தது. பெட்ரோல் பங்குகளில் கார்கள் நீண்ட வரிசையில் காத்து நின்றன. பல பங்குகளில் "பெட்ரோல் இல்லை" என்ற பலகை தொங்கியது. பணம் இருந்தும் பெட்ரோல் கிடைக்காத காலம் அது.

அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் கப்பல் போல இருக்கும். காலனுக்கு 13 மைல் போனால் போதும் என்று இருந்தார்கள். லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர்தான்! பெட்ரோல் மலிவாக இருந்தவரை அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கவலை வந்ததும் சட்டமும் வந்தது. 1974-ம் ஆண்டுத் தொடக்கத்தில், நாடு முழுவதும் மணிக்கு 55 மைலுக்கு மேல் கார் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. 1975 டிசம்பரில் ஜனாதிபதி ஜெரால்டு போர்டு இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். கம்பெனிகள் விற்கும் கார்கள் சராசரியாக இத்தனை மைல் ஓட வேண்டும் என்று அது விதித்தது. 1978-ம் ஆண்டுக் கார்களுக்கு 18 மைல். 1985-ம் ஆண்டுக் கார்களுக்கு 27½ மைல்.

கார் எத்தனை மைல் ஓடும் என்பதை வாங்குகிறவருக்குத் தெரியும்படி ஒட்டியே தீர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கட்டளையிட்டது. இப்படித்தான் ஜன்னல் சீட்டு கட்டாயமாயிற்று.

நகராமல் ஓடும் கார்!

சரி, ஒரு கார் எத்தனை மைல் ஓடும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் போதாதா?

போதாது. ஒரு நாள் வெயில். ஒரு நாள் மழை. ஒரு டிரைவர் சாது. இன்னொரு டிரைவர் முரடர். ஒரு காரைக் காலையிலும் இன்னொரு காரை மாலையிலும் ஓட்டினால், இரண்டையும் ஒப்பிட முடியாது. எல்லாக் கார்களுக்கும் ஒரே தராசு வேண்டும்.

அந்தத் தராசு மிச்சிகன் மாகாணத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் இருக்கிறது. அமெரிக்க சர்க்காரின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவுக்குச் சொந்தமான பரிசோதனைச் சாலை அது.

அங்கே காரை உருளைகளின் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். சக்கரம் சுற்றினால் உருளையும் சுற்றும். கார் இருந்த இடத்தை விட்டு அங்குலம்கூட நகராது. சாலையில் ஓடும்போது காற்றும் தரையும் காரை எவ்வளவு தடுக்குமோ, அந்த அளவுக்கு உருளையும் தடுக்கும்படி ஏற்பாடு செய்திருப்பார்கள்.

டிரைவரின் எதிரே ஒரு திரை. அதில் ஒரு கோடு ஏறி இறங்கிப் போகும். கோடு ஏறினால் வேகத்தைக் கூட்ட வேண்டும். இறங்கினால் குறைக்க வேண்டும். தரையைத் தொட்டால் நிறுத்த வேண்டும். கோட்டை விட்டு விலகக் கூடாது. டிரைவரின் குணம் கணக்கைக் கெடுக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

நகரப் பரிசோதனையின் தூரம் ஏழரை மைல். அதாவது 12 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 31 கிலோமீட்டர். 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வீதிகளில் கார்கள் எப்படிப் போயின என்று பார்த்து அமைத்த கோடு அது. நெடுஞ்சாலைப் பரிசோதனையின் தூரம் பத்தேகால் மைல். சராசரி வேகம் மணிக்கு 78 கிலோமீட்டர். அதிகபட்சமே 60 மைல். அதாவது 96 கிலோமீட்டர்தான்.

இன்னொரு ஆச்சரியம். பெட்ரோல் எவ்வளவு செலவாயிற்று என்று அவர்கள் டாங்கியைப் பார்ப்பதில்லை. புகையைப் பார்க்கிறார்கள்! பெட்ரோலில் இருக்கும் கார்பன் எங்கே போகும்? எரிந்து புகையாகத்தான் வெளியே வர வேண்டும். புகையைப் பிடித்து அதில் உள்ள கார்பனை அளந்தால், எத்தனை துளி பெட்ரோல் எரிந்தது என்று தெரிந்துவிடும். அடுப்புச் சாம்பலைப் பார்த்து எத்தனை விறகு எரிந்தது என்று சொல்வது போலத்தான்.

எல்லாக் கார்களையும் சர்க்கார் பரிசோதிப்பதில்லை. கம்பெனிகளே இதே முறையில் பரிசோதித்துக் கணக்குக் கொடுக்கும். சர்க்கார் அவற்றில் ஒரு பகுதியைத் தன் பரிசோதனைச் சாலையில் சரிபார்க்கும். இந்த ஏற்பாட்டில் ஒரு கம்பெனி சிக்கிக்கொண்ட கதை பின்னால் வருகிறது.

இரண்டு முறை இறங்கிய எண்

சீட்டு ஒட்டியாயிற்று. ஜனங்கள் கார் வாங்கினார்கள், ஓட்டினார்கள், கணக்குப் பார்த்தார்கள். சீட்டில் சொன்னது சாலையில் கிடைக்கவில்லை! புகார்கள் குவிந்தன.

சர்க்கார் ஆராய்ந்து பார்த்தது. புகார் நியாயமானதுதான் என்று தெரிந்தது. பரிசோதனைச் சாலையில் குண்டும் குழியும் இல்லை. எதிர்க்காற்று இல்லை. பனி இல்லை. டிரைவருக்கு அவசரமும் இல்லை. எனவே 1985-ம் ஆண்டுக் கார்கள் முதல், பரிசோதனையில் கிடைத்த நகர எண்ணில் நூற்றுக்கு 10-ம், நெடுஞ்சாலை எண்ணில் நூற்றுக்கு 22-ம் கழித்து ஒட்டச் சொன்னார்கள்.

அதுவும் போதவில்லை. 55 மைல் வேகக் கட்டுப்பாட்டை 1995-ல் நீக்கிவிட்டார்கள். ஜனங்கள் 70 மைல் வேகத்தில் பறந்தார்கள். கார்களில் குளிர்சாதனமும் சாதாரணமாகிவிட்டது. பரிசோதனை மட்டும் பழைய காலத்திலேயே நின்றது.

2008-ம் ஆண்டுக் கார்கள் முதல் மேலும் மூன்று பரிசோதனைகளின் கணக்கைச் சேர்த்தார்கள். ஒன்று, அவசரக்காரர் பரிசோதனை. சட்டென்று வேகம் எடுத்து, மணிக்கு 80 மைல் வரை போக வேண்டும். இரண்டாவது, 35 டிகிரி வெயிலில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். மூன்றாவது, தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே 7 டிகிரி குளிரில் ஓட்ட வேண்டும்.

விளைவு என்ன? நகர எண் சராசரியாக நூற்றுக்கு 12 இறங்கியது. நெடுஞ்சாலை எண் நூற்றுக்கு 8 இறங்கியது. கார் மாறவில்லை, தராசுதான் மாறியது. 16, 26 என்று இருந்த கார்வெட் இசட்-06, 2008-ம் ஆண்டுச் சீட்டில் 15, 24 ஆயிற்று.

தின்னிப் பண்டார வரி!

இனி வேகக் கார்களின் கதைக்கு வருவோம்.

1978-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு புது வரி போட்டது. பெட்ரோலை மடக் மடக்கென்று குடிக்கும் கார்களுக்கு அந்த வரி. 1980-ம் ஆண்டுக் கார்களிலிருந்து அது அமுலுக்கு வந்தது. பிற்பாடு வரியை உயர்த்தினார்கள். நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்துக் காலனுக்கு 22½ மைலுக்குக் கீழே போனால் 1,000 டாலர். மைல் குறையக் குறைய வரி ஏறும். 12½ மைலுக்கும் கீழே போனால் 7,700 டாலர்!

பணம் மட்டும் அல்ல. அந்த வரியைச் சீட்டிலேயே அச்சிட வேண்டும். "இது தின்னிப் பண்டாரம்" என்று காரின் நெற்றியில் எழுதி ஒட்டுவதற்குச் சமானம். எந்தக் கம்பெனிக்குத்தான் இது பிடிக்கும்?

ஆகவே வேகக் கார் நிபுணர்கள் மூளையைக் கசக்கினார்கள். 22½ மைல் என்ற கோட்டைத் தாண்ட வேண்டும். வேகமும் குறையக் கூடாது. என்ன செய்வது?

1989-ம் ஆண்டுக் கார்வெட்டில் ஒரு தந்திரம் செய்தார்கள். அதற்கு ஆறு கியர். டிரைவர் முதல் கியரில் புறப்படுவார். மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தபடி, இரண்டாவது கியருக்கு மாற்றப் போவார். கியர்க் கம்பி இரண்டாவதுக்குப் போகாது! நேரே நான்காவதுக்குத்தான் போகும். காரில் உள்ள கம்ப்யூட்டர் வழியை அடைத்துவிடும்.

காரணம் இதுதான். நான்காவது கியரில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் பெட்ரோல் மிச்சம். பரிசோதனையில் காரை மென்மையாகத்தான் ஓட்டுகிறார்கள். எனவே அங்கே இந்தத் தந்திரம் பலிக்கும். ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் அடைப்பு விலகிவிடும். எல்லாக் கியரும் வழக்கம்போல விழும்.

சாலையில் ஓட்டியவர்களுக்கு இது எரிச்சலாக இருந்தது. அந்த அடைப்பை நீக்கும் சிறு கருவி ஒன்று கடைகளில் விற்பனைக்கு வந்தது. பலர் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். பிறகு அவர்கள் ஓட்டியது சீட்டில் சொன்ன கார்தானா? பெயர் அதுதான்; நடத்தை வேறு.

இரண்டாவது தந்திரம், ஆறாவது கியர். கார்வெட்டின் ஆறாவது கியரில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால், கியர்ப் பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்படியான தாழ்ந்த உருவம் வேறு. ஆகவே நெடுஞ்சாலையில் பெரிய எஞ்சின் பாதித் தூக்கத்தில் இருந்தபடியே காரை இழுத்துச் செல்லும்.

மூன்றாவது தந்திரம், எஞ்சினில் பாதியை நிறுத்திவிடுவது. எட்டு சிலிண்டர் உள்ள எஞ்சினுக்குச் சமதரையில் நான்கே போதும். மற்ற நான்குக்கும் பெட்ரோல் எதற்கு? 1981-ல் காடிலாக் கார்களில் இதைச் செய்து பார்த்தார்கள். எஞ்சின் திக்கித் திணறியது. பெரும்பாலான மாடல்களில் அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். கம்ப்யூட்டர்கள் வளர்ந்த பிறகு அதே யோசனை பலித்தது. 2014-ம் ஆண்டுக் கார்வெட்டில் எட்டு சிலிண்டர் தேவைக்கேற்ப நான்காகும். அதன் சீட்டில் நெடுஞ்சாலை எண் 29 மைல். லிட்டருக்கு 12 கிலோமீட்டருக்கும் மேல்!

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 16, 26 என்று சீட்டு ஒட்டிய 2006-ம் ஆண்டுக் கார்வெட் இசட்-06 அந்த வரியைக் கட்டவில்லை. 16-க்கும் 26-க்கும் நடுவே 22½ எப்படி வந்தது என்று கேட்கலாம். சீட்டில் ஒட்டுவது கழித்த பிறகு உள்ள எண். வரிக்குப் பார்ப்பது கழிப்பதற்கு முன்பு உள்ள எண். வாங்குகிறவருக்கு ஒரு கணக்கு. வரிக்கு ஒரு கணக்கு. இரண்டும் சட்டப்படியே!

இந்த வரி பயணக் கார்களுக்கு மட்டும்தான். ஜீப் போன்ற உயரமான பெரிய வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் கிடையாது. 1978-ல் அவற்றைக் குடும்பக் காராக வைத்திருந்தவர்கள் குறைவு. பிற்காலத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் அந்த வண்டிகளுக்கே மாறிவிட்டன. சட்டம் மாறவில்லை.

சிக்கனக் காரை வென்ற பந்தயக் கார்

2008-ல் பிரிட்டனில் பி.பி.சி. டெலிவிஷனின் "டாப் கியர்" நிகழ்ச்சியில் ஒரு வேடிக்கையான பரிசோதனை நடந்தது. டொயோட்டா பிரியஸ் என்ற கார் சிக்கனத்துக்குப் பேர்போனது. பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இயங்குவது. பி.எம்.டபிள்யூ. எம்-3 என்ற கார் வேகத்துக்குப் பேர்போனது. அதற்கு எட்டு சிலிண்டர். 400 குதிரைக்கும் மேற்பட்ட சக்தி.

பிரியஸைப் பந்தயப் பாதையில் முழு வேகத்தில் பத்துச் சுற்று விரட்டினார்கள். எம்-3 அதன் பின்னாலேயே போனது, முந்த முயலவில்லை. முடிவில் கணக்குப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் காலனுக்குப் பிரியஸ் ஓடியது 17.2 மைல். எம்-3 ஓடியது 19.4 மைல்! வேகக் கார் சிக்கனக் காரை வென்றுவிட்டது.

இதிலிருந்து எம்-3 சிக்கனமான கார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சின்ன எஞ்சின் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடியது. பெரிய எஞ்சினுக்கு அந்த வேகம் நடைபயிற்சி. காளையோடு ஓடச் சொன்னால் கன்றுக்கு மூச்சு வாங்கும் அல்லவா? ஊருக்குள் நின்று நின்று போகும் வீதியில் இரண்டையும் ஓட்டினால் பிரியஸ் எளிதாக ஜெயித்துவிடும். எந்தக் கார் என்பது பாதிக் கதை. எப்படி ஓட்டுகிறோம் என்பது மறு பாதி.

காற்று வசூலிக்கும் வரி

வேகம் கூடினால் பெட்ரோல் ஏன் இப்படிக் கரைகிறது?

முதல் காரணம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது கை நீட்டினால் காற்று தள்ளுவது தெரியும். 120-ல் அது நான்கு மடங்கு பலத்தோடு அறையும். காருக்கும் அதே கதிதான்.

இதற்கு உச்சமான உதாரணம் புகாட்டி வெய்ரோன். 2005-ல் பிரான்சில் தயாரிக்கத் தொடங்கிய கார். 16 சிலிண்டர், 1,001 குதிரை சக்தி, உச்ச வேகம் மணிக்கு 407 கிலோமீட்டர். அதன் டாங்கியில் 100 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். உச்ச வேகத்தில் போனால் சுமார் 12 நிமிஷத்தில் டாங்கி காலி! போன தூரம் 80 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதாவது லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதே கார் அமெரிக்க நகரப் பரிசோதனையில் காலனுக்கு 8 மைல் காட்டியது. லிட்டருக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல்!

இரண்டாவது காரணம் பிரேக். வேகம் எடுக்கப் பெட்ரோல் செலவு செய்கிறோம். பிரேக் போட்டதும் அந்த வேகம் சூடாகிக் காற்றில் போய்விடுகிறது. மறுபடி வேகம் எடுக்க மறுபடி பெட்ரோல். பாய்ந்து புறப்பட்டு, அடுத்த விளக்கில் பிரேக்கில் ஏறி நிற்கிறவர் பணத்தை வீதியில் இறைத்துக்கொண்டே போகிறார்.

இப்படி முரட்டுத்தனமாக ஓட்டினால் நெடுஞ்சாலையில் நூற்றுக்கு 15 முதல் 30 வரையும், நின்று நின்று போகும் வீதியில் 10 முதல் 40 வரையும் மைல் குறையலாம் என்று அமெரிக்க சர்க்காரின் குறிப்பு சொல்கிறது. வேகக் காரில் இந்த ஆசை அதிகம் வரும். மிதித்தால் பாயும் கார் மிதிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும்! அதனால்தான் இந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் சொல்லும் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒருவர் "சீட்டில் சொன்னதைவிட அதிகம் கிடைக்கிறது" என்பார். இன்னொருவர் "பாதிதான் கிடைக்கிறது" என்பார். இருவரும் உண்மையே பேசக்கூடும்.

பொய்க் கணக்குக்குக் கிடைத்த தண்டனை

ஓட்டுகிறவர் மீது மட்டும் பழி போட்டுவிட முடியுமா? முடியாது. சில சமயம் சீட்டே தப்பாக இருந்ததும் உண்டு.

2012-ம் ஆண்டில் ஹூண்டாய் எலான்ட்ரா கார் வாங்கிய அமெரிக்கர்கள் பலர், சீட்டில் சொன்ன மைல் கிடைக்கவில்லை என்று சர்க்காருக்குப் புகார் எழுதினார்கள். பரிசோதனைச் சாலையில் சரிபார்த்தார்கள். கம்பெனி கொடுத்த கணக்கும் சர்க்காரின் கணக்கும் ஒத்துப்போகவில்லை.

உருளை காரை எவ்வளவு தடுக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு பூர்வாங்கப் பரிசோதனை உண்டு. சமமான பாதையில் காரை வேகமாக ஓட்டி, கியரை விடுவித்துவிட்டு, அது தானாக எவ்வளவு நேரத்தில் வேகம் குறைகிறது என்று பார்ப்பார்கள். பல முறை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். கம்பெனி தனக்குச் சாதகமான முடிவுகளைப் பொறுக்கி எடுத்தது என்றும், பின்காற்று தள்ளிக் கொடுத்த ஓட்டங்களை நம்பியது என்றும் சர்க்கார் குற்றம் சாட்டியது.

2012 நவம்பரில் ஹூண்டாய், கியா கம்பெனிகள் சுமார் 9 லட்சம் கார்களின் எண்ணைக் குறைத்துக்கொண்டன. பெரும்பாலான கார்களில் ஓரிரு மைல்தான் குறைந்தது. கியா சோல் என்ற காருக்கு மட்டும் நெடுஞ்சாலை எண்ணில் 6 மைல் இறங்கியது. வாங்கினவர்களுக்கு, கூடுதலாகச் செலவான பெட்ரோலுக்கு ஈடாகப் பணம் கொடுக்கவும் ஒப்புக்கொண்டன. 2014-ல் வழக்கு சமரசமாக முடிந்தது. அபராதம் 10 கோடி டாலர்! குற்றத்தைக் கம்பெனிகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பணத்தைக் கட்டின.

வீட்டுக் கணக்கு நோட்டில் பெட்ரோல் செலவை எழுதி வைத்த சாதாரண ஜனங்களின் புகார்தான் இதற்கெல்லாம் ஆரம்பம்.

ஐரோப்பாவிலும் இதே தகராறுதான். அங்கே இருந்த பழைய பரிசோதனை 20 நிமிஷத்தில் முடிந்துவிடும். விதிகளில் சந்துபொந்துகள் அதிகம். சீட்டுக்கும் சாலைக்கும் உள்ள வித்தியாசம் 2001-ல் நூற்றுக்கு 9 ஆக இருந்தது. 2015-ல் அது 42 ஆகிவிட்டது என்று ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம் கணக்கிட்டது. 2017 செப்டம்பர் முதல் அதிக நேரமும் அதிக வேகமும் உள்ள புதிய பரிசோதனையை அங்கே கொண்டுவந்தார்கள்.

மைல் கணக்கில் ஒரு மயக்கம்

எண் உண்மையாக இருந்தாலும் அதைப் படிப்பதில் ஒரு மயக்கம் இருக்கிறது. 2008-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் லாரிக், சோல் என்ற இருவர் இதை எடுத்துக் காட்டினார்கள்.

ஒரு குடும்பத்தில் இரண்டு கார்கள். ஒன்று லிட்டருக்கு 5 கிலோமீட்டர் தரும் வேகக் கார். மற்றது 20 கிலோமீட்டர் தரும் சின்னக் கார். இரண்டும் வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுகின்றன. ஒரு காரை மாற்றலாம். வேகக் காரைக் கொடுத்துவிட்டு 10 கிலோமீட்டர் தரும் கார் வாங்கலாமா? சின்னக் காரைக் கொடுத்துவிட்டு 40 கிலோமீட்டர் தரும் கார் வாங்கலாமா?

20-லிருந்து 40 என்பது பெரிய தாவலாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேகக் காருக்கு வருஷம் 2,000 லிட்டர். 10 கிலோமீட்டர் காருக்கு 1,000 லிட்டர். மிச்சம் 1,000 லிட்டர்.

சின்னக் காருக்கு 500 லிட்டர். 40 கிலோமீட்டர் காருக்கு 250 லிட்டர். மிச்சம் 250 லிட்டர்தான்!

ஆகவே பெட்ரோலை அதிகம் குடிக்கும் காரில் ஒவ்வொரு கிலோமீட்டர் முன்னேற்றமும் பெரிய லாபம். 2013-ம் ஆண்டுக் கார்கள் முதல் அமெரிக்கச் சீட்டில் "100 மைலுக்கு எத்தனை காலன்" என்பதையும், ஒரு வருஷத்துப் பெட்ரோல் செலவு எத்தனை டாலர் என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று விதித்ததற்கு இந்த மயக்கமும் ஒரு காரணம்.

வீட்டிலேயே ஒரு பரிசோதனை

பரிசோதனைச் சாலைக்குப் போகாமலே உண்மை எண்ணைக் கண்டுபிடிக்கலாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

டாங்கியை முழுதாக நிரப்பி, மீட்டரில் உள்ள கிலோமீட்டரை எழுதிக்கொள்ள வேண்டும். வழக்கம்போல ஓட்ட வேண்டும். மறுபடி முழுதாக நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்க்க வேண்டும். ஓடிய கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் அந்தக் குடும்பத்தின் எண். ஒரு தடவை போதாது. ஐந்தாறு தடவை எழுதிச் சராசரி எடுத்தால்தான் நம்பலாம்.

அந்த எண்ணை உயர்த்துவதும் பெரிய வித்தை அல்ல. டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். வேண்டாத சுமையை இறக்கிவிட வேண்டும். 45 கிலோ கூடினால் நூற்றுக்கு ஒன்று போல மைல் குறையும். நீண்ட நேரம் நிற்கும்போது எஞ்சினை நிறுத்த வேண்டும். ஓடாமல் உறுமும் எஞ்சின் தரும் மைல் பூஜ்யம்! முன்னால் தூரத்தில் சிவப்பு விளக்குத் தெரிந்தால், அதுவரை பாய்ந்துபோய் பிரேக் போடாமல், முன்கூட்டியே காலை எடுத்துவிட வேண்டும்.

ஜன்னல் சீட்டு ஒரு தராசு. ஒரு காரையும் இன்னொரு காரையும் ஒப்பிட அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அது யாருக்கும் வாக்குறுதி கொடுப்பதில்லை. கார் எவ்வளவு சிக்கனமாக ஓட முடியும் என்பதைச் சீட்டு சொல்லும். எவ்வளவு சிக்கனமாக ஓடப் போகிறது என்பதைச் சொல்ல வேண்டியது, ஆக்சிலேட்டரின் மேல் இருக்கும் வலது கால்தான்!